தெப்பமா, தோணியா? குடும்பத்தோடு ஏறுவதற்கு எந்தப் படகு?

பெரம்பலூர் மாவட்டத்தில் ஆலத்தூர் பக்கம் சாத்தனூர் என்று ஒரு ஊர் உண்டு. அங்கே ஓடையோரம் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் மரம். தொட்டுப் பார்த்தால் கல்! 1940-ல் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் சாத்தனூரையும் தாண்டி மேற்கே எட்டு, பத்து கிலோமீட்டர் வரை உள்ளே வந்திருந்தது. கரையில் வளர்ந்த மரங்கள் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, கடலுக்குள் வந்து, மணலில் புதைந்து கல்லாகிப் போயின.

அதாவது இன்று சிமெண்ட் ஆலைகளும் பருத்திக் காடுகளும் இருக்கிற இந்த வறண்ட பூமியில் ஒரு காலத்தில் மரம் மிதந்தது. மனிதன் முதலில் கற்றுக்கொண்ட படகுப் பாடமும் அதுதான். மிதக்கிற மரத்தைப் பார்த்தான், பிடித்துக்கொண்டான், பிறகு ஏறி உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து இன்று வரை படகு ஏறப் போகிறவன் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. இரண்டு படகுகள் இருக்கின்றன, எதில் ஏறுவது? இன்று ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்காக இரண்டு பழைய மிதவைப் படகுகளில் ஒன்றை வாங்க யோசித்தாலும் கேள்வி அதேதான். விலை, வயது, இஞ்சின், இருக்கை என்று பலதைப் பார்ப்பார்கள். ஆனால் வரலாறு வேறு சில விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

பெரம்பலூர், அரியலூர் இரண்டும் முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007-ல் மீண்டும் பிரிந்தது. மாவட்ட எல்லைகள் இப்படி மாறினாலும் இந்தப் பகுதியின் நீர் எல்லைகள் மாறவில்லை. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம்.

காவிரியின் வெள்ளத்தைச் சுமக்கிற ஆறு கொள்ளிடம். கோடையில் வெறும் மணல்வெளி, நடந்தே அக்கரைக்குப் போகலாம். ஆடி, ஆவணியில் வெள்ளம் வந்தால் அதே இடம் கடல் மாதிரி. பாலங்கள் வருவதற்கு முன்பு தஞ்சாவூர் சீமைக்குப் போக வேண்டுமானால் ஓடம்தான். 1836-ல் சர் ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கீழணை கட்டினார். பாசனத்துக்காகக் கட்டிய அணையின் மேலேயே பிறகு சாலைப் போக்குவரத்தும் நடந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர்கள் கும்பகோணம் போக அதுவே வழியானது. பாலம் வந்த இடத்தில் எல்லாம் ஓடத்துறை மெல்ல மறைந்துபோனது.

இந்தக் கொள்ளிடத்துக்கு வடக்கேதான் கங்கைகொண்ட சோழபுரம். கடாரம் வரை கப்பல் படை அனுப்பிய ராஜேந்திர சோழன் தலைநகரமாக எழுப்பிய ஊர். சோழகங்கம் என்ற பெரிய ஏரியை அங்கே வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று வர்ணிக்கிறது. அதே செப்பேட்டில் இன்னொரு சுவையான செய்தி. கங்கைப் படையெடுப்பின்போது சோழர் படை யானைக் கூட்டத்தையே பாலமாக நிறுத்தி ஆறுகளைக் கடந்ததாம்! கவிஞரின் மிகை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் மிதக்கிற பொருட்களை வரிசையாக நிறுத்தி மேலே நடந்து போகலாம் என்ற யோசனை அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பாண்டூன்' என்று சொல்வதும் அதைத்தான்.

கட்டியதும் குடைந்ததும்

உலகத்தில் எத்தனையோ வகைப் படகுகள் இருந்தாலும் எல்லாவற்றையும் இரண்டு குடும்பங்களில் அடக்கிவிடலாம்.

முதல் குடும்பம், கட்டியது. மிதக்கிற பொருட்களைச் சேர்த்துக் கட்டினால் அதுவே படகு. புணை, தெப்பம், கட்டுமரம் எல்லாம் இந்தக் குடும்பம். அலை மேலே ஏறி இறங்கினாலும் தண்ணீர் இடுக்கு வழியாக ஓடிவிடும். நனையலாம், மூழ்காது.

இரண்டாவது குடும்பம், குடைந்தது. மரத்தைக் குடைந்தோ, பலகை சேர்த்தோ, மூங்கில் பின்னியோ ஒரு குழிவை உண்டாக்குவது. தோணி, ஓடம், பரிசல் எல்லாம் இந்த வகை. தண்ணீரை வெளியே நிறுத்தி வைக்கிறவரை மிதக்கும். உள்ளே தண்ணீர் வந்துவிட்டால் கதை முடிந்தது.

முதல் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டுக் கடற்கரை உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அந்தச் சொல் ஆங்கிலத்தில் 'கேடமரன்' ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட நவீனக் கப்பலுக்குப் பெயராகிவிட்டது. அதற்கும் முன்பே, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளுஸ்' என்ற கிரேக்க நூல், இந்தக் கரையில் பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்ற கலங்களைக் குறிப்பிடுகிறது. இரண்டு ஓடங்களைப் பிணைத்து மேலே தளம் போட்டால் அதற்குத் தமிழில் சங்கடம், மலையாளத்தில் சங்ஙாடம் என்று பெயர். போர்த்துக்கீசியர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய் பிரேசில் நாட்டுத் தெப்பத்துக்கு 'ஜங்கடா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

இரண்டாவது குடும்பத்தில் ஆற்றுக்காரர்களுக்கு நெருக்கமானது பரிசல். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியப் பயணி தோமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடை போன்ற வட்டமான படகுகளைப் பார்த்தார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து, இருபது பேர் ஏறலாம் என்றும், துடுப்புப் போடும்போது சுற்றிக்கொண்டே போகும் என்றும் எழுதி வைத்தார். இன்று ஒகேனக்கல்லில் அதே வடிவம் ஓடுகிறது. தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படை நடத்தியவர்களின் தேர்வு

மிதவையா, குடைந்த படகா என்ற கேள்வியைப் பெரிய அளவில் சந்தித்தவர்கள் படைத் தளபதிகள். கி.மு. 480-ல் பாரசீகப் பேரரசன் செர்க்செஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தபோது, கடல் ஜலசந்தி ஒன்றின் குறுக்கே கப்பல்களை வரிசையாக நிறுத்தி இரண்டு பாலங்கள் அமைத்தான். மொத்தம் 674 கப்பல்கள் என்று ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார்.

நம் நாட்டில் 1803-ல் நடந்த மராத்தியப் போர் இன்னும் நல்ல உதாரணம். ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு இவர்தான்) தக்காணத்து ஆறுகளை மழைக்காலத்தில் கடக்க வேண்டியிருந்தது. பம்பாயிலிருந்து மிதவைப் படகுகளை வரவழைக்க ஏற்பாடு செய்தார். சேறும் மழையும் சேர்ந்து அவற்றை வழியிலேயே நிறுத்திவிட்டன. கடைசியில் கைகொடுத்தது பரிசல்! உள்ளூர் மூங்கில், உள்ளூர் தோல், உள்ளூர் ஆட்கள். தேவைப்பட்ட இடத்திலேயே பின்னி, ஆற்றில் இறக்கி, படையைக் கடத்தினார்.

இதில் இருந்து தெரிவது என்ன? மிதவை உறுதியானதுதான். ஆனால் அங்கே இருந்த ஆறு, கிடைத்த பொருள், ஓட்டத் தெரிந்த ஆள் மூன்றும் பரிசலுக்குத்தான் பொருந்தின. எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் எந்தப் படகு நல்லது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

தெப்பம் என்னும் நம்ம ஊர் பாண்டூன்

இன்று உலகம் முழுக்க ஏரிகளில் குடும்பங்கள் ஏறிச் செல்லும் பாண்டூன் படகு பிறந்தது அமெரிக்காவில் என்பார்கள். 1950-களின் தொடக்கத்தில் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் வீரெஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாக இணைத்து, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். சாதாரணப் படகு மாதிரி ஆடவில்லை. பெரியவர்களும் குழந்தைகளும் நாற்காலி போட்டு உட்கார முடிந்தது. அக்கம்பக்கத்தார் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். ஒரு தொழிலே உருவாகிவிட்டது.

இந்த அமைப்பைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெப்பத் திருவிழா பார்த்தவர்களுக்குத் தெரியும். திருவாரூர் கமலாலயக் குளத்தில் மிதக்கும் தெப்பத்துக்கு அடியில் நானூறுக்கும் மேற்பட்ட பீப்பாய்கள் கட்டப்படுகின்றன. மேலே தளம், மண்டபம், சுவாமி, நாதஸ்வரம், கச்சேரி, நூற்றுக்கணக்கில் மக்கள். மதுரை வண்டியூர் தெப்பக்குளம் 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தது. அங்கே தைப்பூசத்தில் தெப்பம் ஓடுகிறது. பீப்பாய் வருவதற்கு முன்பு மரமும் மூங்கிலும் அந்த வேலையைச் செய்தன.

தெப்பம் பத்திரமானது என்று பேர் வாங்கியதற்குக் காரணம் அதன் வடிவம் மட்டும் இல்லை. குளத்துத் தண்ணீரில் ஓட்டம் கிடையாது. கரையில் இருந்து வடம் பிடித்து மெதுவாக இழுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை விடுவதால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பீப்பாய் பார்த்து, கயிறு பார்த்துக் கட்டுகிறார்கள். அதே தெப்பத்தைக் கொள்ளிடத்து வெள்ளத்தில் விட்டால் எந்த மதகில் போய் மோதும் என்று சொல்ல முடியாது.

கடக்கப் போனதும் களிக்கப் போனதும்

முற்காலத்தில் படகு பெரும்பாலும் அக்கரைக்குப் போகத்தான். குடும்பத்தோடு தண்ணீரை அனுபவிப்பது என்றால் கரையில்தான். சங்க இலக்கியத்தில் புதுவெள்ளத்தில் புணையைப் பிடித்துக்கொண்டு நீராடும் காட்சிகள் வருகின்றன. அதன் தொடர்ச்சிதான் ஆடிப்பெருக்கு. கொள்ளிடக் கரையில் புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு போய் உட்காருவது.

சும்மா சுற்றி வருவதற்காகவே படகு என்ற வழக்கம் மலைவாசஸ்தலங்களில் வளர்ந்தது. 1863-ல் சர் வீர் ஹென்றி லெவிஞ்ச் கொடைக்கானலில் ஏரியை உண்டாக்கினார். முதல் படகு தூத்துக்குடியில் இருந்து மலையேறியது என்று சொல்லப்படுகிறது. 1890-ல் அங்கே படகுச் சங்கம் அமைந்தது. முதலில் வெள்ளைக்காரர்களுக்கு, பிறகு பொதுமக்களுக்கு.

பெரம்பலூர், அரியலூர் குடும்பங்களுக்குப் படகுச் சவாரி என்றால் பக்கத்தில் பிச்சாவரம். இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பிச்சாவரம் காடு இருப்பது வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே. மேற்கே இந்த மாவட்டங்களை அணைத்துக்கொண்டு வரும் அதே இரண்டு ஆறுகள்! 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தால் ஊர் முழுக்கத் தெரிந்த இடம். அங்கேயும் படகுத்துறையில் அதே கேள்வி வரும். துடுப்புப் படகா, மோட்டார் படகா? அகன்ற வாய்க்காலில் மோட்டார் படகு விரைவாகப் போகும். வேர்கள் தலைக்கு மேல் கவியும் குறுகிய வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் போகும். இங்கேயும் தண்ணீர்தான் படகை முடிவு செய்கிறது.

புதியதும் கவிழ்ந்தது, பழையதும் கவிழ்ந்தது

இனி வருத்தமான பகுதி. ஆனால் இதைச் சொல்லாமல் படகுகளின் வரலாறு முடியாது.

1924 ஜனவரியில் கேரளத்தில் கொல்லத்தில் இருந்து ஆலப்புழை போன 'ரிடீமர்' என்ற படகு பல்லனையாற்றில் கவிழ்ந்தது. இறந்தவர்களில் மகாகவி குமாரன் ஆசானும் ஒருவர். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது காரணமாகச் சொல்லப்பட்டது.

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது பழைய படகு இல்லை. அந்த ஆகஸ்டில்தான் ஓட ஆரம்பித்திருந்தது! கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்கப் பழவேற்காடு போன ஓர் உறவுக் கூட்டம் மீனவர் படகில் ஏறியது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிக்க நல்ல படகுதான். குடும்பங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவதற்காகச் செய்த படகு இல்லை. உயிர்காப்பு உடையும் இல்லை.

2023 மே 7. கேரளத்தில் தானூரில் மாலை இருட்டிய பிறகு ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பம். அது மீன்பிடிப் படகாக இருந்து, இரண்டடுக்கு உல்லாசப் படகாக மாற்றப்பட்டது என்று தெரிய வந்தது. அளவுக்கு மேல் ஆட்களும் ஏறியிருந்தார்கள்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேக்கடியில் புதிய படகு, தானூரில் பழைய படகு. எனவே படகின் வயது மட்டும் காரணம் இல்லை. மறுபடி மறுபடி வருவது மூன்று விஷயங்கள்: அளவுக்கு மீறிய ஆட்கள், உயரத்தில் ஏற்றிய பாரம், ஒரு வேலைக்குச் செய்த படகை இன்னொரு வேலைக்கு விடுவது.

ஒரு சின்னக் கணக்கு

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு வரவு, செலவு, இருப்பு தெரியும். மிதவைப் படகுக்கும் அதே ஐந்தொகைதான். 200 லிட்டர் பீப்பாய் முழுதாக மூழ்கினால் 200 கிலோ எடையைத் தாங்கும். 20 பீப்பாய் என்றால் 4000 கிலோ. ஆனால் பாதிக்கு மேல் மூழ்கவிடக் கூடாது என்று வைத்துக்கொண்டால் வரவு 2000 கிலோதான். வெற்றுப் பீப்பாய் ஒன்று 20 கிலோ வீதம் 400 கிலோ செலவு. தளம், கம்பி, இஞ்சின், கூரை எல்லாம் 600 கிலோ என்று கொண்டால் இருப்பு 1000 கிலோ. ஆளுக்கு 65 கிலோ என்றால் 15 பேர். தளத்தில் 40 பேர் நிற்க இடம் இருக்கலாம். இடம் வேறு, இருப்பு வேறு!

இரண்டு பழைய மிதவைப் படகுகள் முன்னால் நின்றால் இந்த ஐந்தொகையைத்தான் முதலில் கேட்க வேண்டும். புத்தகத்தில் எழுதும் தேய்மானம் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒழுங்காகக் குறையும். இரும்பில் ஏறும் துரு அப்படி ஒழுங்காக வராது. ஒரு மூலையில் ஒரு பீப்பாயில் ஓட்டை விழுந்தால் அந்த மூலை மட்டும் தாழும். எல்லாரும் அந்தப் பக்கம் சறுக்குவார்கள். அதனால் புதுப் பெயிண்டை நம்பாமல், படகைக் கரையேற்றி அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பதே முறை. பிறகு யாராவது மேலே ஒரு அடுக்கு சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு காகிதம். 1917-ம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. இயந்திரப் படகுக்குப் பதிவும், தகுதிச் சோதனைச் சான்றும் அதில் உண்டு. இயந்திரம் இல்லாத கலங்களுக்கும் ஒரு தனி அத்தியாயம் சேர்த்திருக்கிறார்கள். முன்பு அந்தப் படகு என்ன வேலை செய்தது, எத்தனை பேருக்கு அனுமதி என்பதை விற்பவர் வாயால் அல்ல, சான்றிதழில் பார்க்க வேண்டும்.

முடிவாக

அந்தக் காலத்தில் ஓடத்துறைகளை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். குத்தகைப் பணத்தை எடுத்தாக வேண்டும் என்றால் ஒரு நடைக்கு இன்னும் இரண்டு பேரை ஏற்றத்தான் தோன்றும். இன்றைய சுற்றுலாப் படகுக்கும் அதே நெருக்கடிதான். சொந்தப் படகு வாங்கும் குடும்பத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனால் வேறொன்று உண்டு. "சித்தப்பா பிள்ளைகளும் வந்திருக்காங்க, அவங்களையும் ஏத்திக்கலாமே" என்பது! காசுக்காக ஏற்றினாலும் பாசத்துக்காக ஏற்றினாலும் தண்ணீருக்கு எடை ஒன்றுதான்.

ஆகவே தெப்பமா, தோணியா என்றால், அமைதியான ஏரிக்குத் தெப்பத்தின் வழியில் வந்த மிதவைப் படகு நல்ல தேர்வு. ஓட்டமுள்ள ஆற்றுக்கும் குறுகிய வாய்க்காலுக்கும் தேர்ந்த ஓட்டுநரோடு சின்னத் தோணி. இரண்டு மிதவைகளில் ஒன்று என்றால், தாழ்வாக, அகலமாக, ஒரே தளத்தோடு, முதலில் இருந்தே ஆட்களை ஏற்றுவதற்காகச் செய்ததை எடுப்பது புத்திசாலித்தனம். அது கொஞ்சம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. எதுவானாலும் ஆளுக்கு ஓர் உயிர்காப்பு உடை, பொழுது சாய்வதற்குள் கரை. இடம் போதவில்லையா? இரண்டாவது நடை போனால் போகிறது. அந்த அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிடலாம். கொள்ளிடக்கரைக்காரர்களுக்கு அது புதிதா என்ன?